ரயிலடிக்கு ஒரு கல்: பழைய மீட்டர்கேஜ் யார்டுக்கு ஊர்ச்சரித்திரப் பலகை வைக்க முழு வழிகாட்டி

செட்டிநாட்டில் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் படிக்க ஒரு கல்வெட்டாவது இருக்கும். ஊருணிப் படித்துறை, பள்ளிக்கூட வாசல், சத்திரத்துத் திண்ணை என்று எங்கே பார்த்தாலும் யார் உபயம், எந்த வருஷம் என்று பொறித்து வைத்திருப்பார்கள். ரயிலடிக்குப் போனால் மட்டும் அப்படி ஒரு கல்லும் கிடையாது. கரி அள்ளியவர், மூட்டை சுமந்தவர், ராத்திரி ரெண்டு மணிக்கு விளக்கைத் தூக்கிக்கொண்டு, தண்டவாளம் பிரியும் இடத்தில் பாயிண்ட் மாற்றப் போனவர் யாரும் உபயதாரர் இல்லையே, அதனால்தான் என்று நினைக்கிறேன்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி, சிவகங்கை வழியாக மானாமதுரைக்குப் போகும் சுமார் 150 கிலோமீட்டர் பாதையில் மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) காலத்துத் தடயங்கள் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன. ஸ்டேஷன் புதுப்பிக்கும் வேலை வரும்போது முதலில் காணாமல் போவது இவைதான். உங்கள் ஊர் ரயிலடியிலும் நான்கைந்து பேர் சேர்ந்து கல் வைக்க நினைத்தால், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையில் சொல்கிறேன். ஆறு மாத வேலை. அவசரப்பட்டால் தப்பான கல்லை நட்டுவிட்டு அப்புறம் காலத்துக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதல் வேலை: வருஷங்களைச் சரிபார்ப்பது

எழுத உட்காருவதற்கு முன் ஒரு தாளில் இந்த வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து மானாமதுரை வழியாக மண்டபம் வரை 1902-ல் ரயில் வந்துவிட்டது. கிழக்கே மாயவரத்திலிருந்து திருவாரூர், பட்டுக்கோட்டை என்று நீண்டு வந்த பாதை 1903-ல் அறந்தாங்கியில் நின்றுவிட்டது. நடுவில் இருந்த செட்டிநாட்டுக்கு அதற்கப்புறமும் கால் நூற்றாண்டு ரயில் கிடையாது. திருச்சி–புதுக்கோட்டை 1929-ல் திறந்தது, புதுக்கோட்டை–மானாமதுரை 1930-ல். அறந்தாங்கியில் நின்ற பாதை காரைக்குடிக்கு வந்து சேர்ந்தது 1952-ல்தான். ஆக, காரைக்குடி ஸ்டேஷனாக ஆனது ஒரு வருஷம், ஜங்ஷனாக ஆனது வேறொரு வருஷம். பலர் இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிடுகிறார்கள்.

இந்த வரிசை கையில் இல்லாமல் நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். எங்கள் முதல் பலகை ஃபிளெக்ஸில் அடித்தது. ‘செட்டிநாட்டு வீடுகளுக்கான பர்மாத் தேக்கு வந்து இறங்கிய இடம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். அந்தப் பக்கம் வந்த ஒரு ஆச்சி நின்று படித்துவிட்டு, “எங்க ஐயா வீடு கட்டி முடிச்சப்ப இங்க ரயிலே கெடையாதே தம்பி, எல்லாம் மாட்டுவண்டியிலல்ல வந்துச்சு” என்றார். யோசித்துப் பார்த்தால் எவ்வளவு எளிய கணக்கு! கானாடுகாத்தான் அரண்மனை 1912-ல் கட்டி முடிந்தது. பெரிய வீடுகளில் பல அதற்கும் முந்தியவை. ரயில் வந்தது 1930-ல். 1930-க்குப் பிறகு கட்டிய வீடு என்றால் தேக்கு ரயிலில் வந்திருக்கலாம், அதையும் வீடு வீடாகக் கேட்டுத்தான் எழுத வேண்டும். அந்த ஃபிளெக்ஸ் ஆடிக் காற்றில் கிழிந்து ஒரு டீக்கடைக் கூரைக்குப் போய்ச் சேர்ந்தது. நல்லதாகப் போயிற்று.

அதைவிட நல்ல கதை அந்த வருஷத்திலேயே இருக்கிறது. ரயில் வந்த 1930 உலகப் பொருளாதார மந்தம் பிடித்த நேரம். நெல் விலை விழுந்து, பர்மாவில் செட்டியார்கள் நடத்திய கொடுக்கல் வாங்கல் முடங்கியது. அந்த வருஷ டிசம்பரில் அங்கே சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி தொடங்கியது. கடனுக்கு ஈடாக நிலம் நிலமாகச் செட்டியார்கள் கைக்கு வந்தது, பணம் வரவில்லை. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தபோது அதையும் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று. செல்வம் பெருகிய காலத்தில் வராத ரயில், அது கரையத் தொடங்கியபோது வந்து நின்றது. பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்களில் யார் யார் உங்கள் ஸ்டேஷனில் இறங்கினார்கள் என்று விசாரியுங்கள். ஒரு குடும்பம் கிடைத்தாலும் அது ஒரு தனிக் கல்லுக்கான செய்தி.

இரண்டாவது: நடந்து பார்ப்பது

ரயில்வே எல்லைக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஸ்டேஷன் மாஸ்டரிடம் முதலில் போய் விஷயத்தைச் சொல்லி, எங்கே நிற்கலாம், யாரிடம் எழுத்தில் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊர்க்காரர் என்றால் பெரும்பாலும் டீ வாங்கிக் கொடுத்தே பேசுவார்கள். காலையில் போங்கள். சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைக்கும், பொழுது சாய்ந்தால் பாம்பு.

என்ன பார்ப்பது? முதலில் தண்டவாளத்தின் இடுப்பு. அதன் பக்கவாட்டில் புடைத்த எழுத்தில் ஆலையின் பெயர், எடை, தயாரித்த வருஷம் இருக்கும். பழைய மீட்டர்கேஜ் தண்டவாளங்கள் வேலிக்கம்பமாகவும் விளக்குக்கம்பமாகவும் லெவல் கிராசிங் தடுப்பாகவும் ஆயுளை நீட்டிக்கொண்டிருக்கின்றன. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சுண்ணாம்புப் பொடி தூவி, சாய்வான வெளிச்சத்தில் போட்டோ எடுத்தால் எழுத்து தெரியும். இங்கே இரண்டு இடத்தில் ஏமாறலாம். பழைய தண்டவாளத்தில் ‘60’ என்று இருந்தால் அது ஒரு கஜத்துக்கு 60 பவுண்டு, அதாவது மீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோ. இன்றைய ‘60’ மீட்டருக்கு 60 கிலோ. இரண்டாவது, அதில் உள்ள வருஷம் ஆலையில் உருட்டிய வருஷம். வேறெங்கோ பிடுங்கிய தண்டவாளத்தை இங்கே கொண்டுவந்து போடுவதும் உண்டு. எனவே 1915 என்று படித்துவிட்டு ‘1915-லேயே ரயில் வந்தது’ என்று துள்ள வேண்டாம்.

அடுத்து எழுத்துகள். இரும்புப் பொருளில், எல்லைக்கல்லில் எஸ்.ஐ.ஆர். என்று இருந்தால் அது தென்னிந்திய ரயில்வே. 1951 ஏப்ரல் 14-ல் அது மற்ற இரண்டு ரயில்வேக்களோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. ஆகவே அந்த மூன்றெழுத்து உள்ள எதுவும் 1951-க்கு முந்தியது என்று தைரியமாகச் சொல்லலாம்.

அப்புறம் கைகாட்டி மரத்தின் அடிப்பீடம், கைகாட்டியை இயக்கிய கேபினுக்குச் செல்லும் கம்பி உருளைகள், இன்ஜினுக்குத் தண்ணீர் பிடித்த குழாயின் அடி, சாம்பல் கொட்டிய பள்ளம், கூட்ஸ் ஷெட்டின் உயர்ந்த மேடை, உயரம் குறைந்த பழைய பிளாட்பாரத்தின் விளிம்பு. கிணற்றை விட்டுவிடாதீர்கள். நீராவி இன்ஜின் ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் குடிக்கும். மழைத்தண்ணீரை முற்றத்தில் பிடித்து, ஊருணியைக் கண்போலக் காத்த வறண்ட சீமையில் அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதே பாதி சரித்திரம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவுகோலை அருகில் வைத்து போட்டோ, போனில் இடக்குறி, பக்கத்தில் இருக்கும் மாறாத அடையாளத்திலிருந்து தூரம். இந்த மூன்றும் போதும். எதையும் எடுத்து வராதீர்கள். ரயில்வே சொத்தைக் கையில் வைத்திருந்தால் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கு வரும், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

மூன்றாவது: காகிதம் தேடுவது

இதில் ஊரின் பெயரைவிட மாவட்டத்தின் பெயர்தான் உங்களைச் சுற்றவிடும். சிவகங்கை மாவட்டம் பிறந்தது 1985-ல். 1910 முதல் அதுவரை காரைக்குடி ராமநாதபுரம் மாவட்டத்துக் கோப்பில் இருக்கும். அதே பாதையில் வடக்கே போனால் திருமயம், நமணசமுத்திரம், புதுக்கோட்டை எல்லாம் 1948 மார்ச் வரை தனி சமஸ்தானம். ஆகவே ஒரே ரயில்பாதைக்கு நிலம் எடுத்த காகிதம் இரண்டு அரசாங்கத்தின் கட்டுகளில் பிரிந்து கிடக்கும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகும்போது இரண்டு பெயரிலும் கேளுங்கள். திருச்சிதான் தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடமாக இருந்தது. அங்குள்ள ரயில் அருங்காட்சியகத்தையும் ஒரு நடை பார்த்துவிடலாம். ஊர்ப்பெயரைப் பழைய எழுத்திலேயே தேடுங்கள்: திரிச்சினாப்பள்ளி, மாயவரம், ராம்நாடு.

இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாளில் காரைக்குடி 58 ஜே வரிசையில் வரும், தெற்கே சிவகங்கை 58 கே. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார்டு சுருங்கியது கண்ணுக்குத் தெரியும். ரயில்வேயிடமே யார்டு வரைபடம் கேட்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய், முப்பது நாள். ‘வரலாறு தருக’ என்று கேட்டால் ஒன்றும் வராது. ‘இந்த ஸ்டேஷனின் மீட்டர்கேஜ் யார்டு வரைபடத்தின் நகல்’ என்று பொருளைச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டுக் காகிதங்களை மறக்க வேண்டாம். பேரேடு, மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, பர்மாவிலிருந்து வந்த கடிதம், எல்லாவற்றிலும் எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், எந்த வண்டி என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது இப்படிப்பட்ட அச்சுக் காகிதங்களைத்தான். 1992-ல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பு சென்னைக்குப் போய் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. கோட்டையூரும் இந்தப் பாதையில் ஒரு ஸ்டேஷன். ஊர் எல்லையில் அவருக்கும் ஒரு கல் கடன் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நான்காவது: ஆட்களிடம் கேட்பது

தண்டவாளம் பராமரித்து ஓய்வு பெற்ற கேங்மேன், பாயிண்ட் மாற்றிய பாயிண்ட்ஸ்மேன், கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர், ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டியவர், பிளாட்பாரத்தில் இட்லி விற்றவர். இவர்களுக்கு எண்பது வயது நெருங்குகிறது, ஆகவே வேறு எந்த வேலையையும் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளாதீர்கள். வருஷத்தைக் கேட்டால் தடுமாறுவார்கள். “ஐயா, தனுஷ்கோடி புயலுக்கு முந்தியா பிந்தியா?” என்று கேளுங்கள், சட்டென்று பதில் வரும். அது 1964 டிசம்பர். சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன போட் மெயில் இந்த வழியே வந்ததால் இங்குள்ளவர்களுக்கு அந்தப் புயல் அடுத்த வீட்டுத் துக்கம் மாதிரி நினைவிருக்கிறது. ரயில்வேக்காரர்களுக்கு இன்னொரு நல்ல ஆணி 1974 மே மாத வேலைநிறுத்தம். எம்.ஜி.ஆர். இறந்தது, 1987 டிசம்பர், எல்லோருக்கும் பொருந்தும்.

‘வரலாறு சொல்லுங்கள்’ என்று மைக்கை நீட்டாதீர்கள். ராத்திரி டூட்டிக்கு என்ன சாப்பாடு கட்டிக்கொண்டு போவீர்கள், ஒரு மூட்டைக்கு என்ன கூலி, முதலாளி யார், வண்டி தாமதமானால் யார் திட்டுவார் என்று கேளுங்கள். இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னதை மட்டும் கல்லில் ஏற்றலாம். ஒருவர் மட்டும் சொன்னதை நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மனைவிமாரையும் கேளுங்கள். ரயில்வே குடியிருப்பில் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, எந்த மொழிக்காரர் எந்த வரிசையில் இருந்தார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஐந்தாவது: எங்கே, எத்தனை

ஆறு கல்லுக்கு மேல் வேண்டாம். யாரும் ஏழாவதைப் படிப்பதில்லை. ஒரு கல்லுக்கு ஒரு செய்தி, அதுவும் அந்த இடத்தில் நின்று பார்த்தால் புரிகிற செய்தி. காரைக்குடி என்றால் நான் வைப்பது: வாசலில் 1930-ம் 1952-ம். கேபின் இருந்த பக்கம் கைகாட்டியும், வண்டி கிளம்ப ஓட்டுநரிடம் கொடுக்கும் உருண்டையான டோக்கனும். கிணற்றடியில் தண்ணீர். கூட்ஸ் ஷெட் அருகில் மூட்டை தூக்கியவர்களும் வண்டிமாடுகளும். குடியிருப்பு ஓரம் அங்கே வாழ்ந்தவர்கள். ஆறாவது, இரண்டு அகலத்தின் கதை.

இந்தக் கடைசிக்கு வேறு ஊரில் கிடைக்காத ருசி உண்டு. மீட்டர்கேஜ் 1,000 மில்லிமீட்டர், பிராட்கேஜ் 1,676. திருச்சி–மானாமதுரைப் பாதை 2000-களின் பிற்பாதியில் அகலமாகிவிட்டது, பட்டுக்கோட்டைப் பக்கம் 2012 வரை மீட்டர்கேஜ்தான் ஓடியது. அதனால் சில வருஷம் ஒரே ஸ்டேஷனில் பெரிய வண்டியும் சின்ன வண்டியும் நின்றன. இதில் வந்த பெட்டி அதில் ஓடாது, ஆள் இறங்கி ஏற வேண்டும். 2012-ல் நின்ற பட்டுக்கோட்டை வண்டி 2018-ல்தான் பிராட்கேஜாகத் திரும்பியது. தரையில் இரண்டு பித்தளைக் கோடு அந்த அகலத்துக்குப் பதித்துப் பாருங்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். பித்தளை ஒரு வாரம்கூடத் தாங்காது. கருங்கல் பட்டை போதும். பையன்கள் காலை அகட்டி நின்று அளந்து பார்ப்பார்கள்.

சுற்றுவட்டாரத்துக்குப் போனால் விஷயம் குறையாது. செட்டிநாடு ஸ்டேஷன் கானாடுகாத்தானுக்குப் பக்கம், அதன் அருகே இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம். திருமயத்தில் 1687-ல் கட்டிய கோட்டை. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது தேவகோட்டை ரஸ்தா. ஸ்டேஷன் பெயர் தேவகோட்டை ரோடு. தேவகோட்டையோ அங்கிருந்து தள்ளி இருக்கிறது, அந்த ஊருக்குப் போகும் ரோட்டில் இறக்கிவிடுகிறோம் என்பதுதான் பெயரின் பொருள். ரோடு என்பதை ஜனங்கள் ரஸ்தா என்றார்கள், அந்தச் சொல்லே ஊராகிவிட்டது. ஸ்டேஷன் ஒரு ஊரைப் பிறப்பித்த கதையை இரண்டு வரியில் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆறாவது: எழுதுவது

‘வரலாற்றுச் சிறப்புமிக்க, பழமையும் பெருமையும் வாய்ந்த’ என்று தொடங்கும் எதையும் கிழித்துப் போடுங்கள். அதை எந்த ஊரிலும் நடலாம். ஐம்பது அறுபது சொல், அதற்குள் ஒரு செயல், ஒரு பொருள், தெரிந்தால் ஒரு ஆண்டு. எங்கள் டோக்கன் கல் இப்படி:

‘வளையம் மாற்றிய இடம். இங்கே ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு வண்டி வராமலிருக்க, இரும்பு உருண்டை ஒன்றை ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். அது கையில் இல்லாமல் அடுத்த ஸ்டேஷனுக்குக் கிளம்பக் கூடாது. நிற்காமல் போகும் வண்டிக்கு அதைத் தோல்பையில் போட்டு, பெரிய வளையத்தில் கட்டி, பிளாட்பாரத்தில் நின்று உயர்த்திப் பிடிப்பார்கள். ஓட்டுநர் பக்கமிருந்து ஒரு கை நீண்டு அதை வாங்கும். வாங்கிய கையில் வீக்கம் இல்லாத நாள் குறைவு என்றார்கள், இங்கே வேலை பார்த்தவர்கள்.’

சத்தமாக வாசித்துப் பாருங்கள். மூச்சு முட்டினால் வாக்கியம் நீளம். தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே சிறிதாக. ஆங்கிலத்தைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். பெயர் வைக்கும்போது சாதிப் பெயர், கட்சிக்காரர் பெயர், வாழ்பவர் பெயர் வேண்டாம். உபயதாரர் பெயர் கல்லின் பின்பக்கம். இதற்கு எங்கள் ஊரில் சண்டையே வந்தது, முன்பக்கம் போட்டால்தான் பணம் என்றார் ஒருவர். அவர் பணம் இல்லாமலே நடந்தது.

ஏழாவது: கல்லும் அனுமதியும்

கருங்கல், மெருகு போடாத முகம், ஆழமாக வெட்டிய எழுத்து. மெருகேற்றிய கறுப்புக் கல் உச்சிவெயிலில் கண்ணாடி மாதிரி முகத்தில் அடிக்கும். பெயிண்ட் போனாலும் ஆழ வெட்டிய எழுத்து நிழலில் படிக்க வரும். எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. தமிழில் கொம்பும் புள்ளியும் அடைந்துபோகும், அதனால் வரிக்கு வரி இடைவெளி தாராளமாக விடச் சொல்லுங்கள். கல்தச்சர் வெட்டத் தொடங்குமுன் கரியால் எழுதிக் காட்டச் சொல்லி, இரண்டு பேர் எழுத்துப்பிழை பாருங்கள், அதில் ஒருவர் இதுவரை இந்த வாசகத்தைப் படிக்காதவராக இருக்கட்டும். பித்தளை, அலுமினியம், எவர்சில்வர் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். ஆத்தங்குடிக் கல் பதித்தால் அழகாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். அது வீட்டுக்குள் காலடி பட்டு மெருகேறும் கல், தெருவில் கவனிப்பாரற்று வெயிலிலும் மழையிலும் நிற்க ஏற்றதல்ல.

இடம் ரயில்வேயுடையது என்றால் கோட்ட ரயில்வே மேலாளருக்கு எழுத வேண்டும். காரைக்குடி ஸ்டேஷன் மதுரைக் கோட்டம், திருவாரூர் பாதைக்குப் போனால் திருச்சிக் கோட்டம். என் யோசனை, முடிந்தவரை ரயில்வே சுவருக்கு வெளியே வையுங்கள். அங்கே மாநகராட்சியிடமோ பேரூராட்சியிடமோ நெடுஞ்சாலைத் துறையிடமோ ஒரு பக்கக் கடிதம், அளவு போட்ட படம், முழு வாசகம், பக்கத்து மனைக்காரரின் சம்மதம் இருந்தால் வேலை நடக்கும். திருமயம் கோட்டை பக்கம் வைப்பதானால், அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நூறு மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது, அதற்கு வெளியே இருநூறு மீட்டருக்கும் அனுமதி தேவை.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல், கூலி, பீடம், வண்டி என்று நான்கு செலவு. ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்கி நூலகத்து நோட்டில் ஒட்டிவிடுங்கள்.

எட்டாவது: நட்ட பிறகு

திறப்பு விழாவுக்கு அங்கே வேலை பார்த்தவரைத் திரை விலக்கச் சொல்லுங்கள். அவரைப் பேசச் சொல்ல வேண்டாம், பெரும்பாலும் கூச்சப்படுவார். விழா முடிந்து பந்தல் பிரித்த பிறகு கல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தானாகப் பேசுவார், அப்போது நோட்டை எடுங்கள். பொங்கலுக்கு முந்தின வாரம் வருஷம் ஒருமுறை முள் வெட்டி, கல்லைக் கழுவி, எழுத்துக்குப் பெயிண்ட் தொட வேண்டும். இந்த வேலையைப் பள்ளிப் பிள்ளைகளிடம் விட்டால் அவர்கள் படித்தும் விடுகிறார்கள்.

நீங்கள் திரட்டிய போட்டோ, பேட்டி, வரைபட நகல் எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கிளை நூலகத்தில் கொடுங்கள். கல்லில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் எந்தக் காகிதம், யார் சொன்னது என்று அதில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, கல்தச்சரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: பின்பக்கத்தில் கீழே நான்கு விரற்கடை உயரத்துக்கு எதுவும் வெட்டாமல் விடட்டும், திருத்தம் வந்தால் எழுத. எங்கள் டோக்கன் கல்லைப் பார்த்துவிட்டு ஒரு பழைய பாயிண்ட்ஸ்மேன், “கேபின் இந்தப் பக்கம் இல்ல தம்பி, ரோட்டுக்கு அந்தப் பக்கம்” என்றார். வரைபடத்தை விரித்தோம். அவர் சொன்னதுதான் சரி. கல்லை நகர்த்தப் பணமில்லை. பின்னால் ஒரு அம்புக்குறியும் ‘நாற்பது அடி கிழக்கே’ என்ற வரியும் வெட்டியிருக்கிறோம்.